கயிறும் டவுன் பஸ்ஸும்: ஒரு கல்வி மாவட்டச் சாரணர் அமைப்பில் உதவி முறையை மாற்றிய அனுபவம்

தமிழ்நாட்டின் உள் மாவட்டம் ஒன்றில், கல்வி மாவட்ட அளவில் இயங்கும் சாரணர் சாரணியர் அமைப்பில் 2022 ஜூன் தொடங்கி 2024 ஜூன் வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். மாற்றத்தைச் செய்த நால்வரில் நானும் ஒருவன். ஆகவே நடுநிலையான அறிக்கை என்று இதைச் சொல்ல மாட்டேன். அப்போது எழுதி வைத்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், அவ்வளவுதான். ஊர், பள்ளி, ஆட்கள் எதன் பெயரும் இதில் இல்லை.

பின்னணி

பல நாடுகளில் சாரணர் படை என்பது ஒரு பேட்டைக்குச் சொந்தமானது. பெற்றோர், முன்னாள் சாரணர், அக்கம்பக்கத்தார் சேர்ந்து மாலையில் நடத்துவார்கள். நம் ஊரில் அது பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்குள் இருக்கிறது. ஓர் ஆசிரியர் ஒரு வாரம் அடிப்படைப் பயிற்சி முகாமில் இருந்துவிட்டு வருவார். பள்ளியில் படை தொடங்குவார். கணக்கு டீச்சராகவோ தமிழ் ஐயாவாகவோ இருந்துகொண்டே வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு வருவார். பள்ளிக்கு வெளியே இயங்கும் ஓபன் குரூப்புகளும் உண்டு. எங்கள் பகுதியில் அப்படி இருந்தது ஒன்றுதான், அதுவும் பேருக்கு.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் எப்போதும் உண்டு. பொது மாறுதல் கலந்தாய்வில் அந்த ஆசிரியருக்கு வேறு ஊர் கிடைத்தால் படையும் அவரோடு கிளம்பிவிடும். கயிறும் கூடாரமும் ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடக்கும். சாவி யாரிடம் என்று தெரியாது.

இதைத் தாங்கிக்கொண்டிருந்தது அணி முறை. 6 முதல் 8 பிள்ளைகள் ஓர் அணி, அதற்கொரு அணித் தலைவன். பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். ஆசிரியர் மாறினாலும் பிள்ளைகள் மாறாததால் வித்தை மிச்சமிருக்கும். அந்தச் சங்கிலியும் கொரோனாவில் அறுந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. மூடியபோது எட்டாம் வகுப்பில் இருந்த அணித் தலைவன் 2022 ஜூனில் பதினொன்றாம் வகுப்பு. அவனுக்கும் ஆறாம் வகுப்புப் பையனுக்கும் நடுவில் யாருமே இல்லை.

மேலே உதவிக்கு ஒரு குழு காகிதத்தில் இருந்தது. நிஜத்தில் இருந்தவர் ஒருவர்தான். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். எல்லோருக்கும் அவர் ‘பெரிய சார்’. இருபது வருஷத்துக்கு மேல் ஒரு டி.வி.எஸ். 50இல் கயிற்று மூட்டையைக் கட்டிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போனவர். எந்தத் தலைமையாசிரியரை எப்படிப் பேசிச் சம்மதிக்க வைப்பது, எந்தப் பள்ளியில் மைதானத்தில் தண்ணீர் தேங்கும், எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. 2021இல் முழங்கால் அறுவை சிகிச்சை ஆனது. வண்டி ஓட்டுவது நின்றது. அதன்பின் உதவி என்றால் போனும் வாட்ஸ்அப் குழுவும்தான்.

முதல் அறிகுறி

2022 செப்டம்பரில், காலாண்டுத் தேர்வு முடிந்த வாரம், சாரணர் பயிற்சியின் முதல் படியான பிரதம் சோபான் தேர்வு நாள் வைத்தோம். எங்கள் பதிவேட்டில் இருந்த 43 பள்ளிகளில் 19 வந்தன. நான் முடிச்சு மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

ரீஃப் நாட் போடச் சொன்னேன். ஒரு பள்ளியிலிருந்து வந்த 12 பிள்ளைகளும் வரிசையாகப் போட்டுக் காட்டினார்கள். கயிற்றின் நுனிகள் தாய்க்கயிற்றோடு ஒட்டிப் படுக்காமல் குறுக்கே கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. இடது மேல் வலது, அப்புறம் வலது மேல் இடது என்று போட வேண்டியதை, இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போட்டிருந்தார்கள். இதைத்தான் கிரானி நாட் என்போம். பார்க்க முடிச்சு மாதிரியே இருக்கும், இழுத்தால் வழுக்கும். கட்டுப்போட்ட கையைத் தொங்கவிடும் துணியை அதில் முடிந்தால் நம்ப முடியாது.

ஒரு பையன் தப்பாகப் போட்டால் அது அவன் கைத்தப்பு. 12 பேரும் ஒரே தப்பைப் போட்டால் சொல்லிக் கொடுத்த இடத்தில் ஏதோ நடந்திருக்கிறது. அவர்கள் முன்னேற்ற அட்டையைப் பார்த்தேன். முடிச்சுகளுக்கு நேரே கையெழுத்து இருந்தது, தேதி இருந்தது. பிள்ளைகளுக்குத் தேர்ச்சி இல்லை என்று ஆசிரியையிடம் சொல்வது எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் சங்கடப்படவில்லை.

“சார், நான் பேசிக் கோர்ஸ் போயி மூணு வருஷம் ஆச்சு. நடுவுல ரெண்டு வருஷம் ஸ்கூலே இல்ல. பெரிய சாருக்குப் போன் பண்ணுனேன். அவரும் பொறுமையாத்தான் சொன்னாரு. போன்ல முடிச்சு கத்துக்க முடியுமா சார்?”

அன்று மாலை நோட்டில் அந்தக் கடைசி வரியை மட்டும் எழுதி வைத்தேன்.

நேரில் போய்ப் பார்த்தது

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நாங்கள் நால்வரும் பிரித்துக்கொண்டு 43 பள்ளிகளுக்கும் போனோம். ஆய்வு என்று சொன்னால் பதிவேடுகளை அடுக்கி வைத்துவிடுவார்கள். அதனால் சும்மா வந்தோம் என்று சொல்லிப் போனோம். வாராவாரம் கூடும் படை 14 பள்ளிகளில் இருந்தது. 11இல் சுதந்திர தினம், குடியரசு தினம், அமைச்சர் வருகை என்றால் சீருடை வெளியே வரும், அத்தோடு சரி. மீதி 18இல் பதிவுக் கட்டணம் மட்டும் வருஷா வருஷம் போய்க்கொண்டிருந்தது.

படை நின்றதற்குக் காரணம் கேட்டால் எல்லோரும் முதலில் சொன்னது ‘நேரம் இல்லை’. எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் பதிவு, தேர்தல் பணி, பயிற்சிக் கூட்டம் என்று பட்டியல் நீளும். அது பொய்யில்லை. ஆனால் நன்றாக நடந்த 14 பள்ளிகளிலும் இதே எமிஸ்தான், இதே தேர்தல் பணிதான். கொஞ்சம் உட்கார்ந்து பேசியபோது வேறு விஷயங்கள் வந்தன.

நடந்த பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் ஆசிரியருக்குக் கூப்பிடு தூரத்தில் யாரோ ஒருவர் இருந்தார். பக்கத்து ஊர்ப் பள்ளியில் இன்னொரு சாரண ஆசிரியர், அல்லது அதே தெருவில் குடியிருக்கும் பழைய சாரணர். நின்றுபோன பள்ளிகளில் ஆசிரியர் தனியாள். சந்தேகம் வந்தால் குழுவில் கேட்க வேண்டும். அந்தக் குழுவில் காலை வணக்கப் படங்களும் பிறந்தநாள் வாழ்த்துகளும் சுற்றறிக்கைகளும்தான் ஓடும். ஒரு ஆசிரியர், இரவு முகாமுக்குப் பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில் என்னென்ன வரவேண்டும் என்று ஆகஸ்டில் கேட்டிருந்தார். அதற்குக் கீழே 30 கைகூப்பும் படங்கள் இருந்தன, வேறொரு சாருக்கான வாழ்த்தாக. பதில் வரவில்லை. அவர் முகாமை விட்டுவிட்டார்.

இரண்டாவது, கூட்டம். மாதக் கூட்டம் மாவட்டத் தலைநகரில் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு. வழக்கமாக அப்படித்தான். சாரணிய ஆசிரியைகளில் பாதிப் பேர் வருவதே இல்லை, அக்கறை இல்லை என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். ஒரு டீச்சர் விரல் விட்டுக் கணக்குச் சொன்னார். கூட்டம் முடிய ஆறரை, பஸ் ஸ்டாண்டு வர ஏழு, அவர் ஊருக்குக் கடைசி பஸ் ஆறே முக்கால். இந்தக் கணக்கை இத்தனை வருஷம் யாரும் போட்டுப் பார்க்கவில்லை என்பது இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது, பொருட்கள். 43 பள்ளியிலும் சேர்த்துப் பார்த்தால் கயிறும் கோலும் தேவைக்கு மேலேயே இருந்தன. அவை படை நடக்கும் பள்ளியில் இல்லை, நடக்காத பள்ளியின் ஸ்டோர் ரூமில் இருந்தன. ஒரு பள்ளியில் பிரிக்காத கூடாரம் ஒன்றைக் கரையான் அரித்திருந்தது.

முடிவு, அதற்கான காரணம்

2023 ஜனவரியில் நால்வரும் உட்கார்ந்தோம். முதலில் வந்த யோசனை, பெரிய சாருக்குப் பதிலாக இன்னும் இரண்டு சுறுசுறுப்பான ஆட்களைப் போடுவது. நானே சொன்னதுதான். எங்களில் ஒருவர் கேட்டார்: “அவங்க காலும் வலிச்சா?” அதோடு அந்த யோசனை போயிற்று.

பள்ளிகளைச் சிறு கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே உதவியாளர் வைப்பது என்று முடிவானது. எப்படிப் பிரிப்பது? கல்வித் துறை ஒன்றியம், குறுவள மையம் என்று ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று வரைபடத்தில் கோடு போட்டோம். போட்டுப் பார்த்தால் ஒரே ஒன்றியத்தில் இருக்கும் இரண்டு பள்ளிகளுக்கு நடுவில் போக, தலைநகர் வந்து பஸ் மாற வேண்டியிருந்தது. ஒன்றிய எல்லை ஆறு, ஏரியைப் பார்த்துப் போகிறது. பஸ் சந்தையைப் பார்த்துப் போகிறது.

கடைசியில் டவுன் பஸ் தடத்தையே அலகாக வைத்தோம். ஒரு பஸ் ஏறி இறங்கினால் போய்வரக்கூடிய 5 முதல் 7 பள்ளிகள் ஒரு தடம். மொத்தம் 7 தடங்கள். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆசிரியை அடுத்த பள்ளிக்குப் போகவும், சாரணியர் ஓர் அணியாகக் கிளம்பி அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போகவும் செலவே கிடையாது. எங்களிடம் பயணப்படி கொடுக்கப் பணமில்லாத நிலையில் இது பெரிய விஷயம்.

ஒவ்வொரு தடத்துக்கும் இரண்டு ‘தடத் துணை’. ஓர் ஆண், ஒரு பெண். ஒருவராவது வேலையில் இருக்கும் ஆசிரியராக இல்லாமல் இருக்க வேண்டும் என்றும் வைத்தோம். ஓய்வுபெற்றவர், பெற்றோர், பழைய சாரணர் யாராக இருந்தாலும் சரி. கலந்தாய்வு வந்தால் இருவரும் ஒரே நேரத்தில் போய்விடக் கூடாது என்பதற்காக.

அவர்களுக்கு வேலை குறைவாகவே கொடுத்தோம். ஒவ்வொரு பள்ளிக்கும் பருவத்துக்கு இரண்டு முறை போய் ஒரு படைக் கூட்டத்தில் உட்கார வேண்டும். அந்த ஆசிரியருக்குத் தடுமாறும் ஒன்றை அங்கேயே கையால் செய்து காட்ட வேண்டும். வரும்போது தலைமையாசிரியர் அறையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, இந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அறிக்கை எழுத வேண்டாம். ஆசிரியர்கள் மாதம் அனுப்பிவந்த நான்கு படிவங்களையும் ஒரு தாளாக்கினோம்.

தடத்தின் நடுவில் உள்ள பள்ளியில் ஒரு டிரங்குப் பெட்டி. அதில் கயிறுகள், முக்கோணக் கட்டுத்துணிகள், திசைகாட்டி, ஒரு கூடாரம். பெட்டி மூடியில் நூல் கட்டிய ஒரு நோட்டு, எடுத்தவர் எழுதிவிட்டு எடுக்கலாம்.

மையத்தில் நாங்கள் வைத்துக்கொண்டது நான்கு: பதிவு, முகாம் அனுமதி, பணம், தேர்வு. தேர்வை மட்டும் வேண்டுமென்றேதான் தடத்திடம் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்தவரே கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதை 12 கயிறுகளில் பார்த்தாயிற்று. ஒரு தடத்துப் பிள்ளைகளை இன்னொரு தடத்தார் சோதிப்பது என்று வைத்தோம்.

முதல் ஆறு மாதம்

ஜனவரியில் தொடங்கியதே தப்பு. கொஞ்ச நாளிலேயே செய்முறைத் தேர்வு, அடுத்து பொதுத்தேர்வு. மைதானத்தில் சத்தம் போடக் கூடாது. பிள்ளைகள் கண்ணில் படவே இல்லை. ஆர்வத்தோடு வந்த துணைகள் இரண்டு மாதம் சும்மா இருந்தார்கள். இரண்டு பேர் அதிலேயே சலித்து விலகினார்கள்.

நன்றாகப் போன இடம் என்றால் தெற்குத் தடம். அங்கே பெண் துணையாக வந்தவர் ஆசிரியை இல்லை, ஒரு சாரணியின் அம்மா. பள்ளி நாட்களில் அவரும் சாரணி. தையல் கடை வைத்திருக்கிறார். முதல் முறை அவரோடு நானும் போனேன். செப்டம்பரில் தப்பு முடிச்சு போட்ட அதே பள்ளி. கயிற்றின் ஒரு பாதியைச் சிவப்புச் சாயத்தில் முக்கிக் கொண்டுவந்திருந்தார். “செகப்பு மேல போச்சுன்னா மறுபடியும் செகப்பே மேல போகணும், அவ்ளோதான். எடது வலதெல்லாம் யோசிக்காதீங்க” என்றார். பிள்ளைகள் ஆளுக்கொன்று போட்டு முடிக்க பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இடது மேல் வலது என்று இத்தனை வருஷம் வாயால் சொல்லிவந்த எனக்கு, அதே நுனிதான் இரண்டு தடவையும் மேலே போகிறது என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. டீச்சர் பக்கத்தில் நின்று அவரும் போட்டுப் பார்த்துக்கொண்டார், யாரும் கவனிக்காத மாதிரி.

மே, ஜூனில் கலந்தாய்வு வந்தது. கிழக்குத் தடத்தில் எங்கள் விதியை நாங்களே மீறியிருந்தோம். வெளியாள் கிடைக்கவில்லை என்று ஒரே பள்ளியின் இரண்டு ஆசிரியர்களைத் துணையாக வைத்திருந்தோம். ஒருவருக்கு மாறுதல் கிடைத்தது, இன்னொருவர் மகப்பேறு விடுப்பில் போனார். அந்தத் தடம் ஒரே வாரத்தில் காலி. மற்ற தடங்களில் 5 சாரண ஆசிரியர்கள் மாறிப் போனார்கள். அந்த 5 பள்ளிகளில் 4இல் படை நிற்கவில்லை. புது ஆசிரியர் பயிற்சிக்குப் போய்வரும் வரை துணைகள் வாராவாரம் போய், பள்ளி ஆசிரியர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு கூட்டத்தை நடத்தினார்கள். மாற்றம் வேலை செய்கிறது என்று எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

ஒரு புகார்

2023 ஜூலையில் ஒரு பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை போன் செய்தார். கோபமாக இருந்தார், கோபத்தில் நியாயமும் இருந்தது. வடக்குத் தடத்தின் ஆண் துணை வேலையாக இருந்ததால், தனக்குப் பதில் ஒரு ரோவரை, அதாவது மூத்த சாரணர் பிரிவில் இருந்த 19 வயதுக் கல்லூரி மாணவனை, அனுப்பிவிட்டார். பையன் நல்ல பையன். கயிற்று வேலையில் கெட்டி. ஆனால் கடிதம் இல்லை, கூட யாரும் இல்லை. இரண்டு பிள்ளைகள் சந்தேகம் கேட்க அவனுடைய நம்பரை வாங்கியிருந்தார்கள்.

கெட்டது எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்பதற்கு எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை என்பதுதான் விஷயம். பெரிய சார் காலத்தில் இது தேவைப்படவில்லை, எல்லாப் பள்ளிக்கும் அவரைத் தெரியும். 14 புது ஆட்களைப் பள்ளிகளுக்குள் அனுப்பும்போது ‘தெரிந்தவர்’ என்பதை வைத்து நடத்த முடியாது.

துணைகள் பள்ளிகளுக்குப் போவதை மூன்று வாரம் முழுக்க நிறுத்தினோம். விதி எழுதினோம். தலைமையாசிரியருக்கு முன்கூட்டிய கடிதம் இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. பள்ளி ஆசிரியர் ஒருவர் எப்போதும் உடன் இருக்க வேண்டும். சாரணியர் கூட்டம் என்றால் பெண் துணை கட்டாயம். பிள்ளைகளோடு தனி நம்பர் பரிமாற்றம் கிடையாது, கேள்வி ஆசிரியர் வழியாகத்தான். துணை தன் இடத்துக்கு இன்னொருவரைத் தானாக அனுப்பக் கூடாது. எல்லோரையும் ஒரு ஞாயிறு உட்காரவைத்து, 2012இன் போக்சோ சட்டம் என்ன சொல்கிறது, சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098 எதற்கு என்பதை விளக்கினோம். அந்த மூன்று வாரத்தில் இன்னும் ஒரு துணை விலகினார், நம்மைச் சந்தேகப்படுகிறார்கள் என்று. அவரைச் சமாதானப்படுத்தப் போகவில்லை.

ரோவர் பையனிடம் நான்தான் பேசினேன். அவன் செய்தது என்று எதுவும் இல்லை, அனுப்பியது நாங்கள். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பெரிய சார்

இதை இரண்டு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நாங்கள் செய்த தப்புகளில் பெரியது இதுதான்.

ஜனவரி முடிவை அவரிடம் முதலில் சொல்லவில்லை. ஓய்வில் இருப்பவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். உண்மையில் பயம். சுற்றறிக்கை வாட்ஸ்அப் குழுவில் போனது, அவரும் அந்தக் குழுவில் இருந்தார். அன்றே குழுவை விட்டு வெளியேறினார். பழைய ஆசிரியர்கள் பலர் அதைப் பார்த்தார்கள். மேற்குத் தடத்தில் மூன்று பள்ளிகள் துணைகளை உள்ளே விடாததற்குக் காரணம் இதுதான் என்று பிறகு தெரிந்தது.

ஆகஸ்டில் அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். காபி வந்தது. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு அவரே எடுத்தார்.

“என்னை எடுத்துட்டீங்கன்னு எனக்கு வருத்தம் இல்லப்பா. என் முட்டி என்னைய முன்னாடியே எடுத்துருச்சு. போன்ல படிச்சுத் தெரிஞ்சுக்க வச்சீங்க பாருங்க.”

பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. தப்புதான் சார் என்றேன். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். அதில் பள்ளிக்கு ஒன்றாக அட்டைகள். தலைமையாசிரியர் மாறிய தேதி, எந்த வருஷம் எத்தனை பேர் சாரணர்களுக்கான மாநில விருதான ராஜ்ய புரஸ்கார் வாங்கினார்கள், ஸ்டோர் ரூம் சாவி எந்த அலுவலக உதவியாளரிடம், அந்த ஊரில் எந்தப் பழைய சாரணர் இப்போது என்ன வேலை பார்க்கிறார். நாங்கள் மூன்று மாதம் அலைந்து திரட்டியதில் பாதிக்கு மேல் அந்த டின்னில் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்.

அன்றிலிருந்து சோதனையாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவர் பொறுப்பு. அதை அவர் வீட்டுத் திண்ணையிலேயே நடத்தினார். எது தேர்ச்சி, எது இல்லை என்பதில் 7 தடத்துக்கும் ஒரே அளவுகோல் வந்தது. டின்னில் இருந்த பழைய சாரணர் பட்டியலிலிருந்து மூன்று புது துணைகளும் கிடைத்தார்கள். அடைத்திருந்த மேற்குத் தடக் கதவுகள், அவர் ஒரு போன் போட்டதும் திறந்தன.

பின்விளைவு

2023 அக்டோபர் தேர்வு நாளில் தேர்ச்சி முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது. வந்த பள்ளிகள் அதிகம், தேறியவர்கள் குறைவு. வேறு தடத்து ஆள் சோதித்தார், பெரிய சார் அளவுகோல், முன்பு போலக் கையெழுத்து எளிதாகக் கிடைக்கவில்லை. சில தலைமையாசிரியர்கள் ‘புது முறையால் பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் நான்கு பேரில் ஒருவருக்கே சந்தேகம் வந்து, பழையபடி விட்டுவிடலாமா என்றார். விடவில்லை. தேறாத பிள்ளைகளுக்கு ஆறு வாரத்தில், அவரவர் தடத்திலேயே மறுசோதனை வைத்தோம். தலைநகர் வரத் தேவையில்லை என்பதாலேயே கிட்டத்தட்ட எல்லோரும் வந்தார்கள்.

மாதக் கூட்டத்தைத் தலைநகரில் மூன்று மாதத்துக்கு ஒன்றாகக் குறைத்து, காலை 10 மணிக்கு மாற்றினோம். மற்ற மாதங்களில் தடத்துக்குள்ளேயே கூடிக்கொண்டார்கள். சாரணிய ஆசிரியைகளின் வருகையைப் பற்றி அதன்பின் யாரும் குறை சொன்னதாக நினைவில்லை.

2024 ஜூனில் மறுபடி எண்ணினோம். வாராவாரம் கூடும் படை 14இலிருந்து 26 ஆகியிருந்தது. 43இல் 26. இதைப் பெரிய வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிழக்குத் தடம் இரண்டாவது ஜோடி கிடைத்து அப்போதுதான் மெல்ல எழுந்துகொண்டிருந்தது. 6 பள்ளிகளில் எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. அவற்றின் பதிவை அடுத்த ஆண்டு புதுப்பிக்கச் சொல்லி வற்புறுத்தவும் இல்லை. டிரங்குப் பெட்டிகளில் 5 நன்றாகப் பயன்பட்டன. ஒன்றின் நோட்டில் முதல் பக்கத்துக்கு மேல் எழுத்தே இல்லை, பெட்டி மட்டும் பாதி காலி.

2025 ஜனவரிக் கடைசியில் மணப்பாறை சிப்காட்டில் பாரத சாரணர் சாரணியர் இயக்கத்தின் வைர விழா ஜம்பூரி என்ற பெரிய சாரணர் முகாம் நடந்தபோது, தெற்குத் தடத்திலிருந்து ஒரே பள்ளி அணியாக இல்லாமல் மூன்று பள்ளிப் பிள்ளைகள் கலந்த அணியாகவே போனார்கள். அப்படிக் கலக்க வேண்டும் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை.

மறுபடி செய்வதாக இருந்தால்

முதல் நாள் பெரிய சார் வீட்டுக்குப் போவேன். வரைபடமும் கூட்டமும் அதற்கப்புறம்.

பாதுகாப்பு விதிகளை எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முதல் ஆளை ஒரு பள்ளி வாசலுக்கு அனுப்புவேன். புகார் வந்து எழுதுவதற்கும் வராமல் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம், விலகிப்போன அந்தத் துணையின் முகத்தில் தெரிந்தது. முன்பே விதி இருந்திருந்தால் அவருக்கு அது வழக்கமாகத் தெரிந்திருக்கும், நம்பிக்கையின்மையாகத் தெரிந்திருக்காது.

ஜூனில் தொடங்குவேன். ஆள் கிடைக்கவில்லை என்றால் அந்தத் தடத்தைத் தொடங்காமல் வைத்திருப்பேன். பேருக்கு ஒரு ஜோடியைப் போட்டுவிட்டுக் காலியாவதைவிட அது மேல். துணைகளில் ஆண்களுக்குப் பஸ் காசாவது கொடுக்க வழி பார்ப்பேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்ற நினைப்பிலேயே, ஓய்வூதியமும் இல்லாத ஒரு பழைய சாரணர் மாதாமாதம் கைக்காசு போட்டு ஏழு பள்ளிக்கு அலைந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. அவராகச் சொல்லவும் இல்லை.

ஏழு தடத்தில் மலையடிவாரத் தடம் மட்டும் இன்னும் ஒற்றைத் துணையோடு ஓடுகிறது. அங்கே மேலே போகும் பஸ் நாளைக்கு மூன்று நடைதான். கடைசி நடை மாலை ஐந்தரைக்குத் திரும்பிவிடும். படைக் கூட்டம் நாலரைக்கு முடிந்தால் பஸ் கிடைக்கும், ஒரு பையனின் முடிச்சைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் கிடைக்காது. சனிக்கிழமை காலைக்குக் கூட்டத்தை மாற்ற முடியுமா என்று அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறோம். சத்துணவு இல்லாத நாளில் பிள்ளைகளை வரச்சொல்வது எப்படி என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார்.